எண்ணக் கூடாத ஆட்டம்

பயம் வந்தால் சிலருக்கு வியர்க்கும், சிலருக்கு வயிற்றைக் கலக்கும். எனக்கு எண்ண வரும். பல் டாக்டர் நாற்காலியில் உட்காரவைத்தால் மேலே சுற்றுகிற காற்றாடியின் இறக்கைகளை எண்ண ஆரம்பித்துவிடுவேன். (மூன்றுதான் இருக்கும். தெரிந்தாலும் விடமாட்டேன்.) பரீட்சை ஹாலில் ஜன்னல் கம்பி, ஆஸ்பத்திரியில் தரையோடு, கல்யாண வீட்டில் யாராவது என்னைப் பேசச் சொல்லிவிட்டால் பந்தல் கால். இந்தப் பழக்கத்தால் எனக்கு இன்றுவரை ஒரு நல்லதும் நடந்ததில்லை. கெட்டது நடந்திருக்கிறது. ஒரு வருஷம் கோவில்பட்டி வட்டாரத்துக்கே ஐப்பசி மழை தள்ளிப்போனதற்கு நான்தான் காரணம் என்று வயசில் பெரியவர்கள் பலர் என் முகத்துக்கு நேரே சொன்னார்கள். அதில் ஒருவர் எனக்குப் பெண் கொடுப்பதாக இருந்தவர்.

எண்பதுகளின் தொடக்கம். நாகலாபுரத்திலிருந்து பிழைக்க வந்து, கோவில்பட்டியில் தங்கையா அண்ணாச்சியின் தீப்பெட்டி ஆபீஸில் கணக்குப்பிள்ளையாக இருந்தேன். (எங்கள் பக்கம் தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை. குச்சிக்கு மருந்து முக்குகிற இடமும் ஆபீஸ்தான், பெட்டி காயப்போடுகிற களமும் ஆபீஸ்தான்.) ஆபீஸுக்குப் பின்னால் அண்ணாச்சிக்குச் சொந்தமான ஒரு காலி இடம். கரிசல் வெடித்துக் கால் உள்ளே போய்விடும் என்பதால் சரள்மண் கொட்டி இறுக்கி, நடுவில் வலை கட்டி, பூப்பந்து ஆடுகிற கோர்ட் ஆக்கியிருந்தார். மஞ்சள் நிறக் கம்பளிப் பந்து, நரம்பு கட்டிய மரப் பேட், பக்கத்துக்கு ஐந்து பேர். சாயங்காலம் வெயில் இறங்கியதும் ஆட்டம்.

ஆடுகிறவர்கள் எல்லாம் நாற்பது தாண்டியவர்கள். சர்க்கரை, கொதிப்பு, வாயு என்று ஆளுக்கொன்று வைத்திருந்தவர்கள். டாக்டர் ஓடச் சொல்லியிருந்தார், இவர்கள் நின்றுகொண்டு ஆடினார்கள். இரண்டு எட்டு தள்ளி விழுகிற பந்தை யாரும் எடுக்க மாட்டார்கள். “நல்ல பந்து” என்று இரண்டு பக்கமும் சொல்லிவிட்டு அடுத்த பந்துக்குப் போவார்கள். இதில் ஜெயிப்பது, தோற்பது கிடையாது. ஏன் கிடையாது என்பதுதான் கதை.

வலைக்கு இந்தப் பக்கம் ஐந்து பேரும், லேபிள் அடித்துத் தருகிற பிரஸ்காரர் உட்பட, தீப்பெட்டிக்காரர்கள். பெட்டி காய வேண்டும், குச்சி காய வேண்டும், அவர்களுக்கு வருஷம் பூராவும் வெயில் வேண்டும். அந்தப் பக்கம் ஐந்து பேரும் சம்சாரிகள். மானத்தைப் பார்த்து உளுந்தும் பருத்தியும் போடுகிறவர்கள், அவர்களுக்கு மழை வேண்டும். ஆரம்பத்தில் யார் எந்தப் பக்கம் என்று யோசிக்காமல் நின்றதுதான், அப்படியே நிலைத்துவிட்டது. முதலில் எண்ணித்தான் ஆடியிருக்கிறார்கள். ஒரு நாள் மழைக் கட்சி ஜெயித்தது. அன்றைக்கே கொட்டித் தீர்த்து, களத்தில் கிடந்த பெட்டியெல்லாம் கஞ்சியாகிப் போனது. அடுத்த வருஷம் வெயில் கட்சி ஜெயித்தது. விதைத்தது விதைத்தபடி மண்ணுக்குள் கிடந்து எறும்புக்குப் போனது. பேச்சு முற்றி, பேட்டால் அடித்துக்கொள்கிற அளவுக்குப் போய், கடைசியில் எல்லாரும் கூடி ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஆட்டம் ஆடலாம், எண்ணக் கூடாது.

இதற்கென்று ஓர் அம்பயர் வேறு. பெரியநாயகம் சார், பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். நிலம் கிடையாது, ஆபீஸ் கிடையாது, வெயிலும் மழையும் அவருக்கு ஒன்றுதான். கழுத்தில் விசில் தொங்கும். யாராவது வாய்தவறி ஒரு எண்ணைச் சொல்லிவிட்டால் ஊதிவிடுவார். ஒருதரம் அண்ணாச்சி, “எனக்கு ரெண்டு பேத்தி” என்று சொன்னதற்குக்கூட ஊதினார் என்பார்கள். உலகத்திலேயே எண்ணாமல் இருப்பதற்காக நியமிக்கப்பட்ட ஒரே அம்பயர் அவராகத்தான் இருக்க வேண்டும்.

மழைக் கட்சியில் நடுவில் நிற்கிறவர் ரெங்கசாமி மாமா. கயத்தாறு ரோட்டில் உள்ளே தள்ளி அவருக்கு ஊர், மொபெட்டில் வந்து போவார். அவருடைய மகள் சரோஜாவைத்தான் எனக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். கழுகுமலையில் ஒரு கல்யாணப் பந்தியில் அவள் எனக்குப் பாயாசம் ஊற்றியதிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. என் அத்தை போய்க் கேட்டதற்கு மாமா சொன்ன பதில் இது:

“பையன் பரவாயில்ல. நம்ம ஆளுகதான். ஆனா வெயிலு வேணும்னு சாமி கும்பிடுத ஆபீஸ்ல சம்பளம் வாங்குதானே. அதத்தான் யோசிக்கேன்.”

இந்த விஷயம் அண்ணாச்சிக்குத் தெரியாது. சொல்லப் பயம். அவர் உப்பைத் தின்றுகொண்டு மழைக் கட்சியில் சம்பந்தம் பேசுகிறவன் என்று நினைத்துவிட்டால்?

இப்படி நான் இரண்டு பக்கமும் பல்லைக் காட்டிக்கொண்டு நடமாடிய ஓர் ஐப்பசி மாதத்தில்தான் அது நடந்தது. புழுதியிலேயே விதைத்துவிட்டு சம்சாரிகள் கிழக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தீபாவளிச் சரக்குக்காக எங்கள் களம் முழுக்கப் பெட்டி காய்ந்துகொண்டிருந்தது. அன்றைக்குக் கிழக்கே நல்ல கருப்பாக மேகம் வேறு இறங்கியிருந்தது. நான் வழக்கத்தைவிடச் சீக்கிரமாக ஆபீஸைப் பூட்டிக்கொண்டு பூனை மாதிரி நழுவும்போது அண்ணாச்சி பார்த்துவிட்டார்.

“ஏலே கணக்கு, இங்கன வா. பிரஸ்காரருக்கு இடுப்பு புடிச்சிக்கிட்டு. நம்ம பக்கம் ஒரு ஆள் கொறையுது. நில்லு.”

“எனக்கு இன்னும் நாப்பது ஆகலியே, அண்ணாச்சி.”

“ஆனதா நெனச்சிக்கோ.”

“ஆடத் தெரியாது, அண்ணாச்சி.”

“இங்க எவனுக்குத் தெரியும்? சும்மா நில்லுல.”

நின்றேன். நேர் எதிரே, வலைக்கு அந்தப் பக்கம், ரெங்கசாமி மாமா. “வாங்க தம்பி” என்றார். அந்த ‘வாங்க’வைக் கொஞ்சம் அதிகமாகவே இழுத்தார். ‘நீ எந்தப் பக்கம் என்று இன்றைக்குத் தெரிந்துவிடும்’ என்று அதற்கு அர்த்தம்.

பயம் வந்துவிட்டதா? எண்ண ஆரம்பித்துவிட்டேன். சத்தியமாக வேண்டுமென்று செய்யவில்லை. முதல் பந்து அவர்களுக்கு, அடுத்தது நமக்கு என்று உள்ளுக்குள் தானாக ஓடுகிறது. நிறுத்தப் பார்த்தேன், முருகா முருகா என்று சொல்லிப் பார்த்தேன், எத்தனை முருகா என்று அதையும் சேர்த்து எண்ணுகிறேன்! பத்துப் பேர் ஆடுகிற ஆட்டத்தில் எங்களுடைய நிலவரம் எனக்கு ஒருவனுக்கு மட்டும் தெரியும். தெரிந்துவிட்ட பிறகு சும்மா இருக்க முடியுமா? நாம் முந்தினால் மாமாவின் விதை காய்ந்து சரோஜா போய்விடுவாள். அவர்கள் முந்தினால் அண்ணாச்சியின் பெட்டி நனைந்து வேலை போய்விடும். ஆகவே சமமாக வைத்திருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். வானத்தையே என் தலையில் தூக்கி வைத்துக்கொண்டேன்.

ஒரு பந்து நாங்கள் முந்தினால் அடுத்த பந்தை வலையில் அடிப்பேன். அவர்கள் முந்தினால் எங்கே விழுந்தாலும் பாய்ந்து எடுப்பேன். பிரஸ்காரர் இடத்தில் மட்டுமில்லை, அண்ணாச்சி இடத்திலும் ஓடிப்போய் அடித்தேன். மற்றவர்கள் ஆளுக்கொரு பேச்சாக, கத்தரிக்காய் விலை, மலச்சிக்கல், மகள் வீட்டு விசேஷம் என்று சாவகாசமாக ஆடிக்கொண்டிருக்கிறார்கள். எதிர்ப்பக்கத்தில் ஒருவர் பந்து வரும்போது வேட்டியை அவிழ்த்துக் கட்டினார், பந்து அவரைத் தாண்டிப் போனது, “நல்ல பந்து” என்றார்கள். (அதற்கும் ஒன்று ஏறிவிட்டது. அதைச் சரிக்கட்ட நான் எங்கள் மடியில் வந்து விழுந்த பந்தை விட்டேன்.) சட்டையைப் பிழிந்தால் ஒரு குடம் தண்ணீர் வரும், நான் ஒருவன்தான் அப்படி.

“ஏலே, என்னல ஆடுத?” என்றார் அண்ணாச்சி. “ஒரு பந்த ராசா மாதிரி அடிக்க. அடுத்த பந்துக்கு மரம் மாதிரி நிக்க.”

“பழக்கமில்ல, அண்ணாச்சி.”

மாமா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இருட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் பெரியநாயகம் சார், “கடைசி, கடைசி” என்றார். அப்பாடா என்றிருந்தது. என் கணக்கில் இரண்டு பக்கமும் இருபத்தேழு. பழனிக்கு மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டேன். அண்ணாச்சி பந்தை எடுத்து சர்வீஸ் போட்டார். நேரே வலையில் போய் விழுந்தது.  கடைசி நேரத்தில் இந்த மனிதர் இப்படி விட்டுவிட்டாரே! அவர்கள் ஒன்று முந்திவிட்டார்கள். கிழக்கே மேகம் வேறு. களத்தில் பெட்டி வேறு. அண்ணாச்சி சிரித்துக்கொண்டு நிற்கிறார், அவருக்கென்ன தெரியும்?

அடுத்து மாமா சர்வீஸ். அவரும் மெதுவாக, வலையைப் பார்த்தே தட்டினார். பந்து வலையின் மேல் நாடாவில் பட்டு, ஒரு நொடி அங்கேயே உட்கார்ந்திருந்து, காற்றுக்கு எங்கள் பக்கம் சரிந்தது. எங்கள் ஆட்கள் பேட்டைத் தொங்கப்போட்டுவிட்டார்கள். ஒருத்தர் செருப்பு மாட்டவே போய்விட்டார். விடுவேனா? நாலு எட்டில் பாய்ந்து, விழுந்து, எழுந்து, என்னால் முடிந்த மட்டும் ஓங்கி அடித்தேன். அந்த மாதிரி ஓர் அடியை நான் என் வாழ்க்கையில் அதற்கு முன்னும் அடித்ததில்லை, பின்னும் அடித்ததில்லை. அது மாமாவின் தொப்புளில் பட்டுக் கீழே விழுந்தது.

சமமாகிவிட்டது! அந்த நிம்மதியில் எனக்குப் புத்தி கழன்றுவிட்டது. இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு கத்தினேன்:

“இருபத்தெட்டுக்கு இருபத்தெட்டு! சமம்!”

சார் ஊதினார். மூச்சு முட்டுகிறவரை ஊதினார்.  வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்த மாமாதான் முதலில் வாயைத் திறந்தார்.

“எண்ணிட்டீரா?”

‘நீங்க’ போய் ‘நீர்’ வந்துவிட்டது. 

“சமம்தானே மாமா... ரெண்டு பக்கமும்...”

சார் வந்து என் தோளில் கையை வைத்து, செத்த வீட்டில் பேசுகிற குரலில் விளக்கினார். ஒவ்வொரு நாளும் கடைசியில் ஆளுக்கொரு பந்தை வேண்டுமென்றே வலைக்குக் கொடுப்பது வழக்கமாம். அதோடு அன்றைய பாக்கி எதுவாக இருந்தாலும் இருபக்கமும் தீர்ந்ததாம். அந்த நேரத்தில் நான் தினமும் ஆபீஸைப் பூட்டிக்கொண்டிருந்ததால் இதைப் பார்த்ததே இல்லை.

“அண்ணாச்சி வலைக்குக் குடுத்தாரு. அந்தப் பக்கம் குடுத்ததத்தான் நீங்க குடுக்க விடல, தம்பி.”

“அப்போ...”

“அண்ணாச்சி விட்டது கணக்குல வராது. நீங்க அடிச்சது வரும்,” என்றார் மாமா. “வெயில் கட்சி ஜெயிச்சாச்சு.”

எல்லாரும் ஒரே நேரத்தில் கிழக்கே பார்த்தார்கள். நானும் பார்த்தேன். யாரிடம் சொன்னாலும் நம்ப மாட்டார்கள், காற்று திரும்பிவிட்டது. அவ்வளவு கருப்பாக இறங்கியிருந்த மேகம் ஓரத்தில் கிழிந்து தெற்கே போய்க்கொண்டிருந்தது. மாமா, “தேவுடா” என்று ஒரு சொல் சொல்லிவிட்டு, மொபெட்டை மிதித்துக் கிளப்பிக்கொண்டு போனார். மறுநாளே அத்தையிடமிருந்து தகவல் வந்துவிட்டது. பொண்ணுக்கு இப்ப என்ன அவசரம் என்று அவர் கேட்டாராம்.

அதற்கப்புறம் அடித்த வெயில் இருக்கிறதே! சித்திரையில்கூட நான் அப்படிப் பார்த்ததில்லை. அண்ணாச்சிக்கு ஒரே சந்தோஷம், பெட்டி அப்பளம் மாதிரி காய்ந்தது. “கைராசிக்காரன்ல நீ” என்று என் முதுகில் தட்டினார். ஒவ்வொரு தட்டும் எனக்குச் சரோஜா வீட்டு வாசல் சாத்துகிற சத்தமாகக் கேட்டது. டீக்கடையில் சம்சாரிகள் என்னைப் பார்த்துப் பேச்சை நிறுத்தினார்கள். கயத்தாறு பஸ்ஸில் முன்பின் தெரியாத ஒருவர் என் பக்கத்து ஆளிடம், “இவருதானா அந்த எண்ணுனவரு?” என்று கேட்டார். சாப்பாடு இறங்கவில்லை. வானத்தைப் பார்ப்பதும், ஒரு துண்டு மேகம் தெரிந்தால் அதை எண்ணிவிடாமல் வாயைப் பொத்திக்கொள்வதுமாக அலைந்தேன். எனக்கு அப்போது விளையாட்டாகத் தெரியவில்லை, உள்ளபடியே நான்தான் மழையை விரட்டிவிட்டேன் என்று நம்பினேன். படித்தவன் வேறு.

தாங்கமுடியாமல் சாரிடம் போய் விழுந்தேன். சார் தாடையைத் தடவினார்.

“வாங்கினதத் திருப்பிக் குடுக்கணும். நீங்க மழைக் கட்சியில நின்னு, வெயில் கட்சிகிட்ட ஒரு பந்து ஜெயிக்கணும். ஆனா அண்ணாச்சி சம்மதிக்கணுமே?”

களத்தில் பெட்டி கிடக்கும்போது எந்த முதலாளி இதற்குச் சம்மதிப்பார்? இரண்டு நாள் அவர் அறை வாசலில் போய்ப்போய்த் திரும்பினேன். மூன்றாம் நாள் அவரே கூப்பிட்டார்.

“ஏலே, என்னல வாசல்ல கோழி மாதிரி சுத்திக்கிட்டுக் கெடக்க?”

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சரோஜா, பாயாசம், அத்தை, மாமா. சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது, சொல்வதற்கென்ன. அண்ணாச்சி வெளியே களத்தைப் பார்த்தார். தீபாவளிச் சரக்கில் பாதிதான் லாரி ஏறியிருந்தது. மிச்சம் வெயிலில் கிடந்தது.

“இத மொதல்லயே சொன்னா என்னல? நா என்ன ஒன்னக் கடிச்சா திங்கப்போறேன்?” என்றார். பிறகு, “ரெங்கசாமியும் பாவம். வெதச்சுப்போட்டு ஒக்காந்திருக்கான். குடுத்துருவோம். சாயங்காலம் வா” என்றார்.

அன்றைக்கு எந்த அறிவிப்பும் இல்லாமலே ஊரில் பாதிப்பேர் வந்துவிட்டார்கள். மாமா தன்னுடைய பேட்டை என் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றார். செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. நான் சர்வீஸ் போட வேண்டும், பந்து வலையைத் தாண்ட வேண்டும். எதிரே அண்ணாச்சி கையைக் கட்டிக்கொண்டு நிற்பார், பந்து கீழே விழும், மழைக் கட்சி ஜெயித்ததாகும். கைப்பிள்ளைகூடப் போட்டுவிடும்.

போட்டேன். வலை.

“பரவாயில்ல, இன்னொண்ணு போடும்” என்றார் மாமா.

வலை. மறுபடி வலை. அதற்கடுத்தது பின்னால் போய் சாரின் விசிலில் பட்டது. 

“ஏலே, நா சும்மாத்தானல நிக்கேன்! என் மேல எறிஞ்சாலும் போதும்ல!” என்று அண்ணாச்சி அந்தப் பக்கமிருந்து கெஞ்சினார். தோற்பதற்காக அவ்வளவு பாடுபட்ட மனிதரை நான் பார்த்ததில்லை. வலையைக் கொஞ்சம் இறக்கினார்கள். அதிலும் அடித்தேன். அத்தனை பயத்திலும் எனக்கு எண்ணிக்கை ஓடவில்லை, அதுதான் ஆச்சரியம். எத்தனை பந்து போட்டேன் என்று இன்றைக்குக் கேட்டாலும் எனக்குத் தெரியாது. கடைசியாகக் கண்ணை மூடிக்கொண்டு பந்தைத் தூக்கிப் போட்டபோது நெற்றியில் சொட்டென்று ஏதோ விழுந்தது. வியர்வை என்று நினைத்தேன். புறங்கையில் இன்னொன்று. திறந்து பார்த்தால், ஒருவர் முகமும் என்னைப் பார்க்கவில்லை. எல்லாம் மேலே பார்த்தபடி இருக்கிறது.

சடசடவென்று பிடித்துக்கொண்டது.

“பெட்டி!” என்று கத்தினார் அண்ணாச்சி. முதலில் ஓடியது மாமா. டாக்டர் சொல்லியும் ஓடாதவர்கள் அன்றைக்கு ஓடினார்கள், மழைக் கட்சி, வெயில் கட்சி எல்லாம் ஒன்றாக. வேட்டியை மடித்து ஏந்தி அதில் பெட்டியை அள்ளினார்கள். சரள்மண்ணைத் தாண்டிக் களத்துக்குள் இறங்கியதும் கரிசல் காலில் அப்பிக்கொண்டு ஒவ்வொருவரும் ஒரு சாண் உயர்ந்துவிட்டார்கள். சம்சாரிகளுக்கு வாயெல்லாம் பல், அதை அண்ணாச்சி பார்த்துவிடக் கூடாதே என்று குனிந்து குனிந்து அள்ளுகிறார்கள். முக்கால்வாசிப் பெட்டியைக் காப்பாற்றிவிட்டோம். கொட்டகையில் ஈரம் சொட்ட நின்றுகொண்டு அண்ணாச்சி சாரைக் கேட்டார்:

“இப்ப யாரு சார் ஜெயிச்சது?”

சார் விசிலை உதறித் தண்ணீரை வடித்தார். “பந்து இன்னும் தாண்டல. அதனால யாரும் இல்ல” என்றார். எல்லாருக்கும் அது சரியாகப் பட்டது.

மாமா தலையைத் துவட்டிய துண்டை என்னிடம் நீட்டினார். “தை மாசம் வச்சுக்கிடுவோம், மாப்ள” என்றார். நான் அண்ணாச்சியைப் பார்த்தேன். அவர், “துண்ட வாங்குல” என்றார். வாங்கி முகத்தை மூடிக்கொண்டேன். வெளியே எடுக்கச் சற்று நேரமாயிற்று.

“ஆனா ஒண்ணு,” என்றார் மாமா. “இனிமே நீங்க பேட்டத் தொடப்படாது. எண்ணவும் படாது.”

பேட்டை அதற்குப்பின் நான் தொட்டதில்லை. எண்ணாமல் இருப்பதுதான் கஷ்டம். கல்யாணமான நாளிலிருந்து, மேகம் கூடிக் கூடிக் கலைந்துபோனால் சரோஜா அடுக்களையிலிருந்து ஒரே கேள்விதான் கேட்பாள்: “எண்ணிட்டீங்களா?” அவள் மாடியில் வற்றல் காயப்போட்டிருக்கிற நாளில் மட்டும் பேச்சு மாறும். “சும்மாதான இருக்கீங்க, எதையாவது எண்ணுங்களேன்” என்பாள். பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு மழை லீவு வேண்டுமென்றால் நான் இருக்கும் அறையிலிருந்து காலண்டரை எடுத்துவிடுவார்கள்.

எங்கள் மகளைப் பெண் பார்க்க வந்தபோதும் ஐப்பசிதான். மாமாவுக்கு அப்போது நல்ல வயசாகிவிட்டது, ஆனாலும் அவர்தான் நடுநாயகமாக உட்கார்ந்து விசாரித்தார்.

“பையனுக்கு என்ன வேல?”

“பேங்க்ல கேஷியர், தாத்தா” என்றார்கள்.

மாமா பதறி என்னைப் பார்த்தார். பிறகு அந்தப் பையனைப் பார்த்தார். “நாளெல்லாம் எண்ணுத வேலையா?” என்றார். கடைசியில், “நல்ல எடமாத்தான் இருக்கு. ஐப்பசி கார்த்திக மட்டும் லீவு போட்டுக்கிடச் சொல்லுங்க” என்றார்.

வந்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. எங்கள் பக்கம் எல்லாரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். சம்பந்தம் கெட்டுப்போகுமே என்று எனக்கு மட்டும் பயம். அந்த நேரம் சரோஜா என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள்.

“உதடு அசையுது” என்றாள் மெதுவாக.

உண்மைதான். வாசலில் கிடந்த செருப்புகளில் ஏழு ஜோடிவரை வந்திருந்தேன். சட்டென்று வாயை மூடிக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தேன். காலையிலிருந்து பிடிவாதமாகத் தூறிக்கொண்டிருந்த மழை நின்றுபோயிருந்தது.